சிவப்பு நம்பர் போட்ட ஆமைகள்

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை இசைப்பிரியா கெஞ்சித்தான் வாங்கினாள். நெய்வேலி டவுன்ஷிப் முடிந்து முந்திரித் தோப்பு தொடங்கும் இடத்தில் இருந்த அந்தத் தனியார் நடுநிலைப் பள்ளியில் அவள் தற்காலிக ஆசிரியை. அறிவியல் அவள் பாடம். யாராவது வராத நாளில் எந்தப் பாடமும் அவள் பாடம்தான். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நம் பக்கத்து விலங்குகளைப் பற்றி வாரம் ஒரு மணி நேரம் சொல்லித் தருகிறேன் என்று போய் நின்றபோது, தலைமையாசிரியர் தனகோடி மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்த கால அட்டவணையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் பெற்றோர் பக்கமிருந்து ஒரு புகார் வந்தாலும் அந்தப் பீரியட் கணக்குக்குப் போய்விடும் என்றார். அவர் கோபக்காரர் இல்லை. புகார் என்ற சொல்லுக்கு மட்டும் பயப்படுகிறவர்.

அந்த ஒரு மணி நேரம் தனக்கு எதற்கு என்று இசைப்பிரியாவே தன்னைப் பலமுறை கேட்டுக்கொண்டாள். கம்மாபுரம் பக்கத்தில் அவள் ஊர். அவள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அப்பா கலியன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர். பர்மனென்ட் ஆகிவிடும் என்று அவர் சொல்லத் தொடங்கியபோது அவள் பால்வாடியில் இருந்தாள். அம்மா வீரம்மாள் முந்திரிக்கொட்டை உடைக்கப் போவாள். விலங்கியலில் இசைப்பிரியா சேர்ந்தது ஆசைப்பட்டு இல்லை. அந்த ஆண்டு கல்லூரியில் மிச்சமிருந்த இடம் அதுதான். படித்தாள், பி.எட். முடித்தாள், போட்டித் தேர்வுகள் எழுதினாள், எதுவும் கைகூடவில்லை. இவ்வளவு படித்து என்ன ஆயிற்று என்று தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் கேட்காமலிருந்தது அவளுக்குப் பாரமாக இருந்தது. புத்தகத்தில் இருப்பதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு வரும்போதெல்லாம், இதை நான்தான் செய்ய வேண்டுமா, யார் வேண்டுமானாலும் செய்யலாமே என்று தோன்றும். வெள்ளிக்கிழமை வகுப்பு அப்படி இருக்காது என்று நம்பினாள்.

முதல் வாரம் புலியும் காண்டாமிருகமும் சிங்கவால் குரங்கும் இருந்த பெரிய வண்ணப் படத்தைச் சுவரில் மாட்டினாள். பிள்ளைகள் ஆசையாகத்தான் பார்த்தார்கள். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிளில் வரும் சரிதா என்ற பெண், எதையும் சும்மா விடாதவள், கையைத் தூக்கினாள்.

"இதுல ஒண்ணாச்சும் நம்ம ஊர்ல இருக்கா மிஸ்?"

இல்லை என்றாள் இசைப்பிரியா.

"அப்போ எப்படி மிஸ் காப்பாத்துறது? லீவு போட்டுட்டுப் போயா?"

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் அந்தக் கேள்வி பஸ்ஸில் அவளோடு வீடு வரைக்கும் வந்தது. மூன்று வருஷம் விலங்கியல் படித்திருக்கிறாள். தவளையை அறுத்திருக்கிறாள், ஆங்கிலப் பெயர்களை மனப்பாடம் செய்திருக்கிறாள். தன் ஊர்க் குட்டையில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் படிப்போடு சேர்த்து யோசித்ததில்லை. படிப்பு ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்று யார் தனக்குச் சொல்லிக்கொடுத்தது என்றும் அவளுக்குப் புரியவில்லை.

அடுத்த வாரம் படத்தைச் சுருட்டி அலமாரி மேல் வைத்துவிட்டு உடும்பு, நரி, குட்டையில் வாழும் பாலாமை என்று பேச ஆரம்பித்தாள். அவ்வளவுதான், வகுப்பில் கூச்சல் அடங்கவில்லை. தோப்பில் நரி முந்திரிப்பழம் தின்றதைப் பார்த்தேன் என்றான் ஒருவன். உடும்பு கறி முதுகுவலிக்கு நல்லது என்று தன் மாமா சொன்னதை இன்னொருவன் அப்படியே சொன்னான். ஆமைக்கறியின் ருசியை ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு வர்ணிக்க, டவுன்ஷிப் பிள்ளைகள் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். முகம் சுளித்தவர்களைப் பார்த்து அந்தப் பெண் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

அது இசைப்பிரியாவைச் சுட்டது. அவளும் சாப்பிட்டிருக்கிறாள். கோடையில் குட்டைச் சேற்றைக் கம்பியால் குத்திப் பார்த்து அப்பா எடுத்துவரும் பாலாமை அவர்கள் வீட்டில் விருந்து. இப்போது அதையே தொடக்கூடாது என்று இந்தப் பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது என்று வீட்டில் அம்மாவிடம் கேட்டாள். வீரம்மாள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை.

"அன்னிக்கு அதான் கெடைச்சுது, துன்னோம். இன்னிக்கு உனக்கு வேற துன்னக் கெடைக்குதில்ல? இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கீற."

மறு வெள்ளிக்கிழமை வகுப்பில் நானும் சாப்பிட்டிருக்கிறேன் என்றுதான் தொடங்கினாள். போன வாரம் சட்டென்று உட்கார்ந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். அதன் பிறகு அந்த மணி நேரம் வேறு மாதிரி ஆனது. பாலாமையின் ஓட்டுக்கு மேலே தோல் இருப்பதையும், தோல் வழியாகவும் அது கொஞ்சம் மூச்சு விடும் என்பதையும், குட்டை வற்றினால் சேற்றுக்குள் இறங்கி மழை வரும்வரை கிடக்கும் என்பதையும் சொன்னாள். அது செத்ததை எல்லாம் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கிறது என்றாள். இப்போது அது குறைந்துகொண்டே வருகிறது, பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம் என்றாள்.

அந்த வகுப்பில் பிரவின்குமார் என்ற பையன் கொல்லைமேட்டிலிருந்து வேனில் வருகிறவன். சுரங்கத்துக்கு நிலம் எடுப்பதற்காக அளந்து முடித்த ஊர் அது. பாதிக் குடும்பங்கள் மாற்று மனைக்குப் போய்விட்டன, மீதிப் பேர் இன்று நாளை என்று இருந்தார்கள். எங்கள் ஊர் அய்யனார் குட்டையில் நிறைய ஆமை இருக்கிறது, ஊர் போனால் குட்டையும் போய்விடும், அப்போது அதெல்லாம் என்ன ஆகும் என்று அவன் கேட்டான். மணி அடிக்கிற நேரம். இசைப்பிரியா புத்தகங்களை அடுக்கிக்கொண்டே, "நாமதான் காப்பாத்தணும்" என்றாள். சொன்னபோது அவளுக்கே அது நல்ல வாக்கியமாகத் தோன்றியது.

திங்கட்கிழமை காலை பிரேயர் முடிந்ததும் வேன் டிரைவர் சின்னதுரை தலைமையாசிரியர் அறைக்குள் போனார். அவர் மகளும் அந்த ஏழாம் வகுப்பில்தான் படிக்கிறாள். வேனின் கடைசி சீட்டுக்கு அடியில் சாக்கு ஒன்று நனைந்து கிடந்ததையும், கேட்டதற்குப் பிரவின்குமார் பிராஜெக்ட் என்று சொன்னதையும், பள்ளியில் இறங்கியதும் பையன்கள் அதை மதிய உணவுத் தட்டு கழுவும் சிமெண்டுத் தொட்டிக்குத் தூக்கிப் போனதையும் அவர் சொல்லி முடிப்பதற்குள் இசைப்பிரியாவைக் கூப்பிட ஆள் வந்துவிட்டது.

தொட்டியைச் சுற்றி ஏழாம் வகுப்பே நின்றது. உள்ளே பாலாமைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சறுக்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்புப் பெயின்டில் பெரிதாக எண் எழுதியிருந்தது. இரண்டாம் எண் ஆமை கழுத்தை நீட்டி விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏழாம் எண் குட்டி, அசையவில்லை. இசைப்பிரியா அதைக் கையில் எடுத்தபோதே தெரிந்துவிட்டது. சாக்கின் அடியில் நசுங்கியிருக்க வேண்டும்.

"யாருடா எழுதினது?" என்று கேட்டார் தனகோடி.

"நாந்தான் சார்" என்றான் பிரவின்குமார். அவன் கை விரல்களிலும் சிவப்பு இருந்தது. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பூசி மிச்சமிருந்த பெயின்ட்.

எதற்கு என்று கேட்டதற்கு, இது கூடவா தெரியாது என்பது போல இசைப்பிரியாவைப் பார்த்தான்.

"அளக்க வந்தவங்க வூட்டுக்கு நம்பர் போட்டாங்க மிஸ். புளியமரத்துக்குப் போட்டாங்க, கெணத்துக்குப் போட்டாங்க. எங்க மாட்டுக் கொட்டாய் மேல தார்ப்பாய் மூடிக்கினு இருந்துது, அது விட்டுப்போச்சு. நம்பர் இல்லாததால கொட்டாய் கணக்குலயே வரல. எங்கப்பா இன்னும் அலைஞ்சிக்கினு இருக்காரு. அதான் ஒண்ணையும் வுடாம போட்டேன்."

"இங்க எதுக்குக் கொண்டாந்த?"

"மாத்து எடம் மிஸ். இங்க டவுன்ஷிப்ல தண்ணி நிக்காம வருது."

இசைப்பிரியாவுக்கு எங்கே தவறியது என்று அப்போது புரிந்தது. காப்பாற்ற வேண்டும் என்று அவள் சொன்னபோது அவள் மனதில் இருந்தது வேறு. அந்த ஊர்ப் பிள்ளைகள் பார்த்து வளர்ந்த காப்பாற்றுதல் ஒன்றே ஒன்றுதான்: நம்பர் போடு, எடு, வேறு இடத்தில் கொண்டுபோய் வை. எப்படி என்று அவள் சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது, அவளும் போய்விட்டாள்.

தனகோடி அவளைத் தனியே அழைத்துப் போனார். சின்னதுரை வாசலிலேயே நின்றார். வழியில் எவனாவது வேனை மறித்துச் சாக்கைப் பிரித்திருந்தால், ஆமை கடத்துகிறவன் என்று தன்னைத்தான் பிடித்திருப்பார்கள் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். தனகோடி குரலைத் தாழ்த்தினார். இப்போதே வேனில் ஏற்றிக்கொண்டு போய் அந்தக் குட்டையிலேயே விட்டுவிடுங்கள், யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார். வெள்ளிக்கிழமை பீரியட் இனி கணக்கு என்பதையும் அதே மூச்சில் சொன்னார்.

அதோடு முடித்துக்கொள்ளலாம். மே மாதம் அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும், அது தனகோடியின் கையெழுத்தில் இருக்கிறது. ஆனால் பெயின்டோடு விட்டால் அந்த ஆமைகள் என்ன ஆகும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. தெரியாத ஒன்றை மறுபடியும் செய்வதா? அதுவும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, யாருக்கும் தெரியாமல்?

"வனத்துறைக்குச் சொல்லிடலாம் சார்."

"பள்ளிக்கூடத்துப் பேரு வரும்."

"என் பேரைச் சொல்லுங்க சார். காப்பாத்துங்கன்னு சொன்னது நான். எப்படின்னு சொல்லாம விட்டதும் நான்தான்."

தனகோடி தானே போனை எடுத்தார்.

மதியத்துக்கு முன்னால் வனவர் பிரபாவதி ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். காக்கிச் சீருடையைப் பார்த்ததும் ஏழாம் வகுப்பு சுவரோடு ஒட்டிக்கொண்டது. அவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, எண்களை வரிசையாகப் படித்தார்.

"நாலைக் காணோம்?"

"அது கடிச்சிட்டு ஓடிப்போச்சு மேடம்" என்றான் பிரவின்குமார். "எனக்கு ஜெயிலா மேடம்?"

"கடிச்சது உன்னையா?"

கட்டை விரலைக் காட்டினான். வனவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அது உனக்கு தண்டனை குடுத்துட்டுப் போயிருக்கு. நான் வேற தனியாக் குடுக்கணுமா?"

சுவரோரத்திலிருந்து முதல் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் விளையாட்டாகவே முடிக்கவில்லை. இதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம்தான், பிள்ளைகள் தெரியாமல் செய்ததாக எழுதிக்கொள்கிறேன், இன்னொரு தரம் அப்படி எழுத மாட்டேன் என்றார். செத்த குட்டியைக் கையில் வாங்கி ஒரு துணியில் சுற்றித் தன் பையில் வைத்தார். பிரவின்குமார் அதைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் வாயே திறக்கவில்லை.

பெயின்டை அழிக்கக் காவலாளி மண்ணெண்ணெய் பாட்டிலோடு ஓடி வந்தார். வனவர் கையை நீட்டித் தடுத்து, கால்நடை மருத்துவரைப் போனில் பிடித்தார். மண்ணெண்ணெயும் தின்னரும் கூடவே கூடாது, தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு மெல்லத் துடைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். பள்ளிச் சமையல்கார அம்மா எண்ணெய் கொடுத்தார். வேப்பமரத்து நிழலில் ஈரச் சாக்கை விரித்து, தலைப்பக்கம் கை போகாமல் வனவர் பிடித்துக்கொள்ள, பிள்ளைகள் முறை வைத்துத் துடைத்தார்கள். முகம் சுளித்த டவுன்ஷிப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள். ஈரத்தோலில் பெயின்ட் சரியாகப் பிடிக்கவில்லை என்பது நல்லதாகப் போயிற்று. சரிதாதான் பொறுமையில்லாமல் நகத்தால் சுரண்டப் போனாள். "அது சுவரில்ல சரிதா, தோலு" என்றாள் இசைப்பிரியா. பிரவின்குமார் தள்ளியே நின்றான். கூப்பிட்டும் வரவில்லை.

சாயங்காலம் எல்லாரும் வேனில் கொல்லைமேட்டுக்குப் போனார்கள். முன் சீட்டில் சீருடையோடு வனவர் உட்கார்ந்திருந்ததால் சின்னதுரைக்குப் பயமெல்லாம் போய்விட்டது. இப்போது எவன் மறிக்கிறான் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். குட்டை பாதி வற்றிக் கிடந்தது. ஓரத்தில் வெடித்த மண், நடுவில் பச்சைத் தண்ணீர். ஆமைகளை ஓரமாக விட்டார்கள். அவை திரும்பிப் பார்க்கவில்லை. அவசரம் இல்லாமல் நடந்து, சேறு வந்ததும் உடம்பைப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி இறங்கின. மேலே மண் மூடிக்கொண்டது. சற்று முன்பு அங்கே ஆமை இருந்தது என்று சொன்னால் நம்ப முடியாது.

சரிதா கேட்டாள், இந்த இடமும் போனால் என்ன செய்வது என்று. இசைப்பிரியா வனவரைப் பார்த்தாள். வனவர், அப்படி வந்தால் ஆமைகளுக்கு ஒத்துவருகிற நீர்நிலை எது என்று பார்த்து நாங்கள்தான் முறையாக மாற்ற வேண்டும், அதுவரை யாரும் கிளறாமல் இருந்தாலே போதும் என்றார். இந்தப் பக்கத்துக்கெல்லாம் சேர்த்துத் தங்கள் ஆட்கள் கொஞ்சம் பேர்தான், சேற்றைக் குத்த யாராவது வந்தால் ஒரு போன் செய்தால் பெரிய உதவி என்றும் சொன்னார். வனவர் சொன்னது எப்போது நடக்கும், நடக்குமா என்று இசைப்பிரியாவுக்குத் தெரியவில்லை. ஆனால் இந்த முறை நல்லதாக ஒரு வாக்கியம் சொல்லி முடித்துவைக்க அவள் முயலவில்லை.

"எனக்கும் தெரியல சரிதா. கேட்டுக்கிட்டே இருப்போம்" என்றாள்.

அந்த வாரம் முழுக்கக் கணக்கு ஆசிரியை வெள்ளிக்கிழமை பீரியடுக்கு வினாத்தாள் தயாரித்துக்கொண்டிருந்தார். இசைப்பிரியா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்திருந்தது. இந்த வேலை இல்லாவிட்டால் வேறு என்ன என்று யோசித்துப் பார்த்தாள். முன்பெல்லாம் அப்படி யோசித்தால் மனம் எங்கெங்கோ ஓடும். இப்போது ஏழாம் வகுப்பிலேயே போய் நின்றது. பிரவின்குமார் தினமும் வந்தான், எழுதினான், பேசவில்லை.

வியாழக்கிழமை சின்னதுரை மறுபடியும் தலைமையாசிரியர் அறைக்குள் போனார். கதவு திறந்திருந்ததால் பேச்சு வராந்தா வரைக்கும் கேட்டது.

"கம்ப்ளெயின்ட் பண்ணது நாந்தான சார். நானே வாபஸ் வாங்கிக்கிறேன். எம்பொண்ணு மூணு நாளா எங்கிட்ட பேசமாட்டேங்கிறா சார்."

"கம்ப்ளெயின்ட்டை வாபஸ் வாங்கலாம். செத்த ஆமையை வாங்க முடியுமா?"

"அதுக்குத்தான் சார் சொல்றேன். பாதியில நிறுத்துனா, புள்ளைங்களுக்குப் பாதிதான் தெரியும். பாதி தெரிஞ்சதாலதான இது ஆச்சு."

மாலையில் தனகோடி இசைப்பிரியாவைக் கூப்பிட்டு, பீரியட் இருக்கட்டும், ஆனால் நானும் வந்து உட்காருவேன் என்றார். எவ்வளவு நாளைக்கு என்று சொல்லவில்லை. ஒப்பந்தத்தைப் பற்றியும் வாய் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் கடைசிப் பெஞ்சில் முழங்காலை மடக்க இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு விலங்கைப் பார்த்தால் என்னென்ன செய்யக்கூடாது என்பதிலிருந்து இசைப்பிரியா தொடங்கினாள். தொடக்கூடாது, தூக்கக்கூடாது, தீனி போடக்கூடாது. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு கை உயர்ந்தது. தனகோடியின் கை. பிள்ளைகள் எல்லாரும் திரும்பினார்கள்.

"எங்க குவார்ட்டர்ஸ் பரண்ல மரநாய் ஒண்ணு வந்து இருக்கு" என்றார் அவர். "இப்போ குட்டிச் சத்தமும் கேக்குது. வீட்டம்மா என்னை வெளிய போங்கிறாங்க. புடிக்கிறதுக்கு ஒரு ஆள்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், நாளைக்கு வர்றான். அது சரிதானா?"

இசைப்பிரியா பதில் சொல்ல வாயெடுத்தாள், பிறகு நிறுத்திக்கொண்டு வகுப்பைப் பார்த்தாள். சரிதா கை தூக்கியிருந்தாள். அவள் எப்போதும் தூக்குகிறவள்தான். இசைப்பிரியா காத்திருந்தாள். வகுப்பில் சலசலப்பு வந்து அடங்கியது.

"வேணாம் சார்" என்றான் பிரவின்குமார். உட்கார்ந்தபடியே, பெஞ்சைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எங்க வூட்ல பூனை பரண்ல குட்டி போட்டா அப்டியே வுட்டுடுவோம். குட்டி பெருசானா அதுவே பூடும். அப்பறமா ஓட்டைய அடைச்சிக்குங்க சார். இப்ப ஒண்ணும் பண்ணாதீங்க."

"அதுவரைக்கும் நான் எங்கடா படுக்கிறது?"

"வராந்தாவுல படுங்க சார்."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. தனகோடியும் சிரித்துவிட்டு, எவ்வளவு நாளாகும் என்று கேட்டார். அது எனக்குத் தெரியாது, மிஸ்ஸைக் கேளுங்கள் என்றான் பையன்.

"எனக்கும் சரியாத் தெரியல சார்" என்றாள் இசைப்பிரியா. "வனவர் மேடம்கிட்ட கேட்டுட்டு திங்கட்கிழமை சொல்றேன்."

வகுப்புக்கு முன்னால் நின்று தெரியவில்லை என்று சொன்னது அவளுக்குக் கூச்சமாக இல்லை. தனகோடி பெஞ்சிலிருந்து காலை ஒருவழியாக விடுவித்துக்கொண்டு எழுந்து, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தபடி வெளியே போனார். நாளைக்கு வர வேண்டாம் என்று அவர் யாரிடமோ சொல்வது உள்ளே கேட்டது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஏதோ கேட்டிருக்க வேண்டும். "இல்லப்பா, ஸ்கூல் பசங்க வேணாம்னுட்டாங்க" என்றார்.